முழங்காலுக்கு எத்தனை பாயிண்ட்?

காய மதிப்பீட்டை எதிர்த்து முறையிடுவது பற்றிய வாதங்கள்: ஒரு மறுபார்வை

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய கஃப் சாலை, டெஸ்கர் சாலைப் பகுதிகளில், வேலையிடத்தில் அடிபட்டு வழக்கு முடியக் காத்திருக்கும் தமிழ் ஊழியர்களின் பேச்சில் ஒரு சொல் அடிக்கடி வரும்: பாயிண்ட். "உனக்கு எத்தனை பாயிண்ட் வந்துச்சு?" என்று கேட்டால், மருத்துவர் எழுதிய நிரந்தர இயலாமை எத்தனை விழுக்காடு என்று பொருள். அந்த ஒற்றை எண்ணைப் பொறுத்துத்தான் இழப்பீட்டுத் தொகை அமைகிறது. ஊரில் வாங்கிய கடன் அடையுமா, தங்கையின் திருமணம் நடக்குமா என்பதெல்லாம் அதன் பின்னால் வரும் கேள்விகள்.

ஒரு முழங்கால் கெட்டுப்போனால் மனிதனின் உழைப்பில் எத்தனை விழுக்காடு குறைகிறது? அதைச் சொல்லும் உரிமை யாருடையது? சொன்னதை ஏற்க முடியாதவர் எங்கே போவது? இவை சிங்கப்பூர்க் கட்டுமான ஊழியருக்கு மட்டுமே உரிய கேள்விகள் அல்ல. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களும், வேலூர் மாவட்டத்து ஊர்களிலிருந்து இந்திய ராணுவத்துக்குப் போய்த் திரும்பியவர்களும் இதையே பல பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். கிடைத்த பதில்கள் வெவ்வேறானவை. அவற்றை வரிசைப்படுத்தி, எது எங்கே நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணின் பூர்வீகம்

போரில் உயிர் விட்டவரின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தைத் தமிழ்க் கல்வெட்டுகள் உதிரப்பட்டி என்று குறிக்கின்றன. இழப்புக்கு ஈடு செய்வது சமூகத்தின் கடமை என்ற எண்ணம் நம்மிடம் பழையது. ஆனால் அந்த ஈட்டில் பின்னம் இல்லை. உறுப்புக்கு உறுப்பு விலை சொல்லும் வழக்கம் வேறு இடங்களில் வளர்ந்தது. ஏறத்தாழ கி.பி. 600-ஐ ஒட்டி, இங்கிலாந்தின் கென்ட் பகுதி அரசன் ஏத்தல்பெர்ட் பெயரில் எழுந்த சட்டத்தொகுப்பு பல்லுக்கும் விரலுக்கும் கால்விரலுக்கும் தனித்தனி ஈட்டுத்தொகை வகுத்தது.

இன்றைய முறையின் வேர் தொழிற்புரட்சிக் காலத்தில் இருக்கிறது. ஜெர்மனி 1884-இல் விபத்துக் காப்புறுதிச் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டனின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1897-இல் வந்தது. இவற்றின் அடியில் ஓர் உடன்பாடு இருந்தது. விபத்து முதலாளியின் தவறால் நடந்தது என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக, முழு நட்டஈடு கேட்கும் வழியை விட்டு, சட்டம் வகுத்த வரம்புக்குட்பட்ட தொகையை அவர் ஏற்க வேண்டும். இந்தியாவில் 1923-இலும், சிங்கப்பூரை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1933-இலும் இதே அச்சில் சட்டங்கள் வந்தன. சிங்கப்பூரில் 1975-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2008-இல் அது பெரும்பாலான ஊழியர்களுக்கும் விரிந்தது. இப்போது நடப்பில் உள்ள வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் 2019-இல் நிறைவேறி, 2020 செப்டம்பர் 1 முதல் செயல்படுகிறது.

படைவீரர்களுக்கான முறையும் ஏறக்குறைய இதே காலத்தில் உருவானது. முதல் உலகப் போரின்போது, 1917-இல், அமெரிக்கா ஒரு மதிப்பீட்டு அட்டவணையைக் கோரிச் சட்டம் செய்தது. ஒரு காயம் சராசரி மனிதனின் சம்பாதிக்கும் திறனை எவ்வளவு குறைக்கும் என்பதே அதன் அடிப்படை. சராசரி என்ற அந்தச் சொல்லில்தான் பின்னாளைய சச்சரவுகள் பலவும் தொடங்குகின்றன.

சிங்கப்பூரின் கணக்கு

சிங்கப்பூரில் நிரந்தர இயலாமைக்கான தொகை மூன்று எண்களின் பெருக்கல்: ஊழியரின் சராசரி மாத வருமானம், வயதுக்கேற்ற காரணி, இயலாமை விழுக்காடு. அடுத்த பிறந்தநாளில் 40 வயதோ அதற்குக் குறைவோ ஆகும் ஊழியருக்குக் காரணி 181. வயது கூடக்கூட அது குறையும். முழு இயலாமைக்கு உச்சவரம்பும் கீழ்வரம்பும் உண்டு. 2025 நவம்பர் 1 முதல் அவை முறையே 346,000 வெள்ளியும் 116,000 வெள்ளியும் ஆகும்.

மாதம் சராசரியாக 800 வெள்ளி ஈட்டும் 32 வயது ஊழியரை எடுத்துக்கொள்வோம். 800-ஐ 181-ஆல் பெருக்கினால் 144,800 வெள்ளி. ஆகவே அவருடைய ஒரு பாயிண்டின் மதிப்பு 1,448 வெள்ளி. முழங்காலுக்கு 4 விழுக்காடு என்று மருத்துவர் எழுதினால் 5,792 வெள்ளி. 8 என்றால் 11,584 வெள்ளி. வேறு விதமாகச் சொன்னால், வரம்புகளுக்கு இடைப்பட்ட வருமானம் உள்ள இளம் ஊழியர் எவருக்கும் ஒரு பாயிண்ட் என்பது அவரது 1.81 மாத வருமானம். இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் இது தேவைப்படும்.

இழப்பீட்டுக் கணக்கு அறிவிப்பு கையில் கிடைத்தால், ஏற்காதவர் 14 நாளுக்குள் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். அந்த உரிமை முதலாளிக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் உண்டு. சச்சரவு விழுக்காட்டைப் பற்றியது என்றால் அது மருத்துவ வாரியத்தின் முன் போகிறது. அங்கு மூத்த மருத்துவர்கள் சொல்லும் மதிப்பீடே இறுதியானது. அது முதலில் தந்த எண்ணைவிடக் கூடலாம், குறையவும் செய்யலாம். உயர் நீதிமன்றத்தின் கதவு திறப்பது முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டும். முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது என்பதை நீதிமன்றம் மறுபடி அளக்காது.

முதல் நிலைப்பாடு: உடலை அளந்தால் போதும்

அட்டவணையை நம்புவோரின் வாதம் எளிமையானது, வலுவானதும்கூட. ஒரே காயத்துக்கு ஒரே எண் கிடைக்க வேண்டும். பங்ளாதேஷ் ஊழியர், தமிழர், சீனர் என்று ஆளுக்கு ஆள் மாறக்கூடாது. மருத்துவரின் இரக்கத்தையோ வழக்கறிஞரின் திறமையையோ நம்பி ஒரு தொழிலாளி நிற்கக்கூடாது. அட்டவணை இருந்தால் முடிவு விரைவாகும், செலவு குறையும். சிங்கப்பூரில் உறுப்பு இழப்புகள் சிலவற்றுக்குச் சட்டத்தின் பட்டியலிலேயே விழுக்காடு உண்டு. மற்றக் காயங்களுக்கு மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டி நூல் உண்டு.

அமெரிக்கப் படைவீரர் அட்டவணை இந்த எண்ணத்தின் தெளிவான வடிவம். முழங்கால் 45 பாகைக்கு மேல் மடங்கவில்லை என்றால் 10 விழுக்காடு. 30 பாகையோடு நின்றால் 20. 15 பாகையோடு நின்றால் 30. மருத்துவர் கோணமானியின் நடுப்புள்ளியை மூட்டின் பக்கவாட்டில் வைத்து, ஒரு கரத்தைத் தொடையோடும் மற்றதைக் கணுக்காலை நோக்கியும் நிறுத்திப் படிக்கும் எண் அது.

இதன் பலவீனம் முழங்காலின் இயல்பிலேயே இருக்கிறது. விரல் போனால் போனது தெரியும். முழங்காலில் சவ்வு கிழிவதும் தசைநார் அறுவதும் வெளியே தெரிவதில்லை. படுக்கையில் நன்றாக மடங்கும் கால், படியிறங்கும்போது சட்டென்று விட்டுவிடலாம். அளவுகோலுக்குள் ஒளிந்திருக்கும் வாழ்க்கை முறையும் கவனத்துக்குரியது. சமதரையில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 60 முதல் 70 பாகை மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழ 90 பாகைக்குச் சற்று மேல் வேண்டும். குந்தி உட்காரவோ 130 பாகைக்கும் மேல் வேண்டும். கான்கிரீட் போடுமுன் கம்பி கட்டும் தொழிலாளி நாள் முழுவதும் குந்தியபடியே ஒவ்வொரு முடிச்சாக முறுக்குகிறார். ஊருக்குத் திரும்பினால் சம்மணமிட்டுச் சாப்பிடுவதும் அந்தக் கடைசி 40 பாகைகளை நம்பியே இருக்கிறது. நாற்காலியில் வாழும் உடலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அட்டவணையில் அவை சிறு இழப்பாகத் தெரியக்கூடும்.

இரண்டாம் நிலைப்பாடு: பிழைப்பை அளக்க வேண்டும்

சிங்கப்பூர்ச் சட்டமரபின் மூலச்சொல் உடற்குறை அன்று; சம்பாதிக்கும் திறனின் நிரந்தர இழப்பு. இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்ததே இரண்டாம் நிலைப்பாடு. சாரத்தில் ஏறுபவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் ஒரே முழங்கால் காயம் ஒரே இழப்பாக முடியாது என்கிறது அது.

இதற்கான தெளிவான தீர்ப்புகள் இந்தியாவிலிருந்து வந்தவை. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபதா வழக்கில் ஒரு தச்சரின் இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்டிருந்தது. ஒரு கையால் தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே அவருடைய இழப்பு முழு இழப்பே என்ற முடிவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சாலை விபத்து தொடர்பான ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில், 2010-இல், நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. மருத்துவர் சொல்லும் உடல் இயலாமையின் விழுக்காட்டை அப்படியே வருமான இழப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது; அவர் முன்பு என்ன வேலை செய்தார், இப்போது எதைச் செய்ய முடியும் என்று பார்த்தே கணிக்க வேண்டும் என்று விளக்கியது.

நியாயத்துக்கு மிக அருகில் நிற்கும் நிலைப்பாடு இது என்று தோன்றலாம். ஆனால் இதற்கும் குறைகள் உண்டு. ஒவ்வொரு வழக்கிலும் சாட்சி, விசாரணை, வாதம் தேவைப்படும்; அதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். இரண்டாண்டு வேலை அனுமதியில் வந்தவரின் எதிர்காலச் சம்பாத்தியத்தை எந்த நாட்டுச் சம்பளத்தில் கணக்கிடுவது என்ற கேள்வியும் எழும். பிழைப்பை அளப்பதாகச் சொல்லி, அவர் திரும்பிப்போகும் ஊரின் கூலியை அளவாக வைத்தால் தொகை இப்போது கிடைப்பதைவிடக் குறைந்துவிடும். சிங்கப்பூரின் சூத்திரம் இங்கே வாங்கிய சம்பளத்தையே அடிப்படையாக வைப்பது அந்த வகையில் ஊழியருக்கு ஒரு காப்பு. அட்டவணையைக் குறை சொல்வோர் இதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாம் நிலைப்பாடு: வலியைக் கேட்க வேண்டும்

மூன்றாவது தரப்பு, அடிபட்டவரின் வாய்மொழிக்கு இடம் கேட்கிறது. அமெரிக்கப் படைவீரர் சட்டம் இத்திசையில் வெகுதூரம் வந்திருக்கிறது. 1995-இன் டெலூக்கா எதிர் பிரவுன் தீர்ப்பு, மூட்டை ஓய்வில் அளப்பதோடு நிறுத்தாமல், பயன்படுத்தும்போது வரும் வலியும் பலவீனமும் அசைவை எவ்வளவு குறைக்கின்றன என்பதையும் கணக்கிலெடுக்கச் சொன்னது. வலியோடு அசையும் மூட்டுக்குக் குறைந்தபட்ச மதிப்பீடேனும் தரவேண்டும் என்பது அங்கு விதி. சான்றுகள் இருபுறமும் சமமாக நின்றால் ஐயத்தின் பலன் வீரருக்கே. இந்தியாவிலும் 2013-இன் தரம்வீர் சிங் தீர்ப்பு, படையில் சேரும்போது குறையெதுவும் பதிவாகாதவர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும் எனச் சொல்லி, சான்றின் சுமையைப் படைத்தரப்பின் மேல் வைத்தது.

சிங்கப்பூர்ச் சட்டத்திலும் ஓர் அனுமானம் உண்டு: வேலை நேரத்தில் நடந்த விபத்து, மாறான சான்று இல்லாதவரை, வேலையால் விளைந்தது என்றே கொள்ளப்படும். ஆனால் இந்தச் சலுகை காயம் எப்படி வந்தது என்ற கேள்விக்குத்தான். எவ்வளவு என்ற கேள்விக்கு அது நீளுவதில்லை. முழங்கால் வழக்குகளின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. ஸ்கேனில் தெரியும் கிழிசல் விபத்தில் வந்ததா, பல ஆண்டுத் தேய்மானமா என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

அந்தக் கேள்விக்கு மருத்துவ அடிப்படை இருக்கிறது. 2008-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் 50 முதல் 90 வயது வரையுள்ள பொதுமக்களின் முழங்கால்களைப் படமெடுத்துப் பார்த்தது. சவ்வுக் கிழிசல் இருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் வலியோ இறுக்கமோ இருக்கவில்லை. கிழிசல் இருந்தும் வலி இல்லாமல் இருக்கலாம் என்றால், படத்தை மட்டும் வைத்து வலியை நிரூபிக்க முடியாது, மறுக்கவும் முடியாது. ஆனால் அந்த ஆய்வின் வயதுவரம்பு கவனிக்கத்தக்கது. 28 வயது ஊழியரின் முழங்காலில் தெரியும் கிழிசலைத் தேய்மானம் என்று சொல்ல அதை அப்படியே எடுத்தாள முடியாது.

வாய்மொழியை நம்பும் முறைக்கும் தடை உண்டு. வலியைச் சொல்ல மொழி வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து ஊழியர் "கால் விட்டுப்போகுது", "உள்ள சுருக்குனு இழுக்குது" என்று சொல்வதை மருத்துவர் எந்தச் சொல்லில் எழுதுகிறார் என்பதைப் பொறுத்து வழக்கின் போக்கு மாறலாம்.

ஒருமுறை அளப்பதா, மீண்டும் மீண்டும் அளப்பதா

மூன்று நிலைப்பாடுகளும் ஒரு கேள்வியில் சந்திக்கின்றன: எந்த நாளின் முழங்காலை அளப்பது? தசைநார் சீரமைப்பு அறுவைக்குப் பின் முழங்கால் தேற ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். அடிபட்ட மூட்டில் வாதம் படிவது பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் நடக்கலாம்.

படைவீரர் முறைகள் பெரும்பாலும் மாத ஓய்வூதியமாகத் தருகின்றன. அதனால் கணக்கை மூட வேண்டிய அவசரம் இல்லை. அமெரிக்க வீரர் முடிவு வந்து ஓராண்டுக்குள் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முறையிடலாம்: புதிய சான்றோடு மறுமனு, மூத்த அலுவலரின் மறுபார்வை, மேல்முறையீட்டு வாரியம். கால் மோசமானால் பின்னாளில் கூடுதல் மதிப்பீடும் கோரலாம். இந்திய வீரர் மருத்துவக் குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீட்டுக் குழுக்களுக்கும், பிறகு 2009-இல் செயல்படத் தொடங்கிய ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். அதன் அமர்வு ஒன்று சென்னையில் உள்ளது.

சிங்கப்பூர் ஊழியருக்குக் கிடைப்பது ஒரே மொத்தத்தொகை. 2019 சட்டம், காயம் முழுவதும் தேறும்வரை காத்திராமல், ஆறு மாதத்துக்குப் பிந்தைய நிலையை வைத்தே மதிப்பிட வழி செய்தது. பணம் சீக்கிரம் கைக்கு வர வேண்டும் என்ற நோக்கம் பாராட்டுக்குரியது. ஆனால் முழங்காலைப் பொறுத்தவரை ஆறாம் மாதத்துக் கால் பதினைந்தாம் ஆண்டுக் காலைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. விரைவும் துல்லியமும் இங்கே ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. இரண்டையும் ஒருசேரத் தரும் முறை எந்த நாட்டிலும் அமையவில்லை எனலாம்.

கட்டாயப் படைப்பணி செய்யும் சிங்கப்பூரின் தேசிய சேவையாளர்கள் நிலை தனி. படைப்பணியில் நேர்ந்த காயத்துக்கு அரசைக் குற்றம்சாட்டி வழக்குத் தொடுப்பதை அரசு நடவடிக்கைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு பெரிதும் தடுக்கிறது. இழப்பீடு தனி விதிகளின்படி வருகிறது. பொது நீதிமன்ற வழி குறுகும்போது மதிப்பீட்டு எண்ணின் கனம் கூடுகிறது என்பதற்கு இது இன்னொரு சான்று.

காத்திருப்பின் விலை

முன்பு சொன்ன விகிதத்துக்கு இப்போது வருவோம். ஒரு பாயிண்ட் 1.81 மாத வருமானம். 4 விழுக்காட்டை மறுத்து, வாரியத்தில் 8 பெற்றால் கூடுதலாகக் கிடைப்பது 7.24 மாத வருமானம். மருத்துவ விடுப்புக் காலத்தில் சட்டப்படி சம்பளமோ அதில் மூன்றில் இரண்டு பங்கோ வரும். விடுப்பு முடிந்த பிறகான காத்திருப்புக்கு அது வராது. வேலை அனுமதி ரத்தாகி, ஸ்பெஷல் பாஸ் எனும் தற்காலிகத் தங்கும் அனுமதியில் இருப்பவர் வழக்கமாக வேலை செய்ய முடியாது. அவருடைய சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் முதலாளியே பொறுப்பு என்கிறது விதி. ஆனாலும் ஊருக்கு அனுப்பப் பணம் இருக்காது. மறுப்பின் முடிவு வர ஏழு மாதம் ஆனால், வாரியத்தில் வென்றவருக்கும் கூடுதலாகக் கிடைத்தது அந்த மாதங்களின் வருமான இழப்பிலேயே ஏறக்குறைய கரைந்துவிடுகிறது. மறுத்தால் எண் குறையும் ஆபத்தும் உண்டு.

ஆகவே சரியான எண் எது என்று மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் விவாதிக்கும்போது, எத்தனை நாள் தாங்குவோம் என்ற கணக்கில் ஊழியர் முடிவெடுக்கிறார். டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுண்ட் டூ அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் நடத்திவரும் கஃப் ரோடு திட்டம், வழக்கு முடியக் காத்திருப்போருக்கு இலவச உணவு தருகிறது. தொண்டாகத் தெரியும் அந்த ஒரு தட்டுச் சோறு, முறையீட்டு உரிமையைப் பயன்படுத்த முடிவதற்கான அடிப்படைத் தேவையாகவும் இருக்கிறது. காயத்துக்கும் சம்பளத்துக்குமான முறையீட்டு ஏற்பாட்டை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வறிக்கையும், உரிமை சட்டத்தில் இருப்பதற்கும் அதைக் கையாள முடிவதற்கும் உள்ள தூரத்தையே பேசுகிறது.

மருத்துவச் சான்றின் தரமும் இதே சங்கிலியின் கண்ணி. கையெலும்பு முறிந்த ஒரு கட்டுமானத் தொழிலாளிக்குப் போதிய விடுப்புத் தராத மருத்துவர் ஒருவரை 2016-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு ஆறு மாதம் தற்காலிகமாக நீக்கியது. முதல் நாள் மருத்துவர் எழுதுவது பின்னால் வரும் வழக்கிலும் சான்றாகலாம் என்பதால், அந்தத் தீர்ப்பின் பொருள் ஒரு மருத்துவரோடு முடியவில்லை.

தீராமல் நிற்பவை

மேலே கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று முடிவுகளைத் தயக்கத்தோடு முன்வைக்கலாம்.

முதலாவது, விழுக்காடு என்ற ஒரே எண்ணில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன: உடல் எவ்வளவு இழந்தது, பிழைப்பு எவ்வளவு இழந்தது. அட்டவணை முதல் கேள்விக்கு ஓரளவு நேர்மையாகப் பதில் சொல்கிறது. இரண்டாவதற்கும் அதே எண்ணைப் பதிலாகத் தரும்போது சிக்கல் வருகிறது. அட்டவணை எண்ணைக் குறைந்தபட்சமாக வைத்து, தொழிலைப் பார்த்து மேலே கூட்ட இடம் தருவது ஒரு நடுவழியாக இருக்கலாம். அது விரைவை எவ்வளவு கெடுக்கும் என்பது திறந்த கேள்வி.

இரண்டாவது, மெதுவாகக் கெடும் மூட்டுக்கு ஒரே தவணை இழப்பீடு பொருந்துமா என்பதும் தீரவில்லை. நாடு விட்டுப் போகும் ஊழியருக்கு மாதாந்தரத் தொகையும் மறுமதிப்பீடும் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பது எளிதான காரியமன்று.

மூன்றாவதற்கு இவ்வளவு தயக்கம் தேவையில்லை. காத்திருப்பின் சுமையைக் குறைக்கப் புதிய மருத்துவக் கொள்கை எதுவும் வேண்டாம். எத்தனை பாகை மடங்கியது, எந்தக் குறைக்கு எத்தனை விழுக்காடு என்ற விவரம் ஊழியருக்குத் தெரிந்த மொழியில் அறிவிப்போடு வந்தால், மறுப்பதா ஏற்பதா என்று 14 நாளுக்குள் அவர் அறிந்து முடிவெடுக்கலாம். சச்சரவுக்கு உட்படாத தொகையை முதலில் தந்துவிட்டு, மீதத்தைப் பற்றி மட்டும் வாதிடலாம். உடல் இடம் கொடுக்கும் அளவுக்கு இலகுவான வேலை பார்க்க அனுமதிக்கலாம். ஒரு முழங்காலின் சரியான விழுக்காடு எது என்பதில் அறிஞர்கள் இன்னும் நெடுங்காலம் உடன்படாமல் போகலாம். பசி தாங்காமல் மறுப்பைக் கைவிட்டவர் ஏற்ற எண்ணை மட்டும் எந்தத் தரப்பும் சரியான விழுக்காடு என்று சொல்ல முடியாது.